எம்புட்டு போச்சு என்று காட்டுகிற பொத்தான்

எனக்கு எழுபத்து நான்கு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. ஐந்தாவது, என் நாத்தனார் விட்டுப்போன பையன். ஆறாவது, என் மூத்த மகனுடைய மகள். அவள் அம்மா வேலைக்குப் போனவள் என்பதால் பால்குடி மறந்த நாளில் இருந்து என் இடுப்பில்தான் கிடந்தாள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவதில் எங்கள் வகையறாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மகள்களுக்கும் மருமகள்களுக்குமாக ஏழு பிரசவம் பார்த்தேன். தம்பிக்குக் குடலில் ஆபரேஷன் செய்தபோது பன்னிரண்டு நாள் அவன் கட்டிலுக்கு அடியிலேயே படுத்தேன். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் வண்டிக்குச் சொல்வார்கள், அடுத்து எனக்குச் சொல்வார்கள். குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற காலத்தில் எத்தனை சொட்டு விழுகிறது என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். மருந்து பாட்டில் கழுத்துக்கு இறங்கும் முன்னால் நர்ஸ் பிள்ளை முன்னால் போய் நிற்பேன். என் காவலில் ஒரு பாட்டிலும் காலியாகி ரத்தம் மேலே ஏறியது கிடையாது.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். பழங்காநத்தத்தில் இருந்து ஆட்டோவில் வைத்து வைகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இருதயம் தளர்ந்து போயிருக்கிறது என்றார்கள். மூன்று நாள் யாரையும் உள்ளே விடவில்லை. நான்காம் நாள் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு கட்டில் போட்டு நடுவில் பச்சைத் திரை தொங்கவிட்ட அறை. திரைக்கு அந்தப் பக்கம் அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், துணைக்கு அவர் மனைவி. அவருக்கும் இருதயம்தான்.

அறைக்கு மாறினாலும் மருந்து நிற்கவில்லை. பாட்டிலும் இல்லை, சொட்டும் இல்லை. படுக்கை ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் ஒரு பெரிய ஊசியைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தார்கள். ஊசியின் பின்பக்கத்தைப் பெட்டியே கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ரத்தக் குழாயைத் தளர்த்தி இருதயத்தின் பாரத்தைக் குறைக்கிற மருந்து என்றும், கூடிவிட்டால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்றும், அதனால்தான் மனுஷர் கையில் விடாமல் பெட்டியிடம் விட்டிருக்கிறது என்றும் நர்ஸ் பிள்ளை சொன்னாள்.

எண்ணுவதற்குச் சொட்டு இல்லாத மருந்தை நான் எப்படிக் காவல் காப்பது? அதைத்தான் அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு ஒரு பொத்தானைக் காட்டினாள்.

"மத்த எதையும் தொட்றாதீங்க பாட்டி. இது மட்டும் சும்மா பாக்கிறதுக்கு. எம்புட்டு மருந்து போயிருக்குன்னு காட்டும். அமுக்குனா ஒண்ணும் ஆகாது."

அமுக்கிப் பார்த்தேன். டிக் என்றது. ஓர் எண் வந்தது. எண் எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி அமுக்கினேன். எண் கொஞ்சம் கூடியிருந்தது. மருந்து போகிறது. மனசு நிம்மதியாக இருந்தது.

காலை ஆறு மணிக்கு நான் போவேன், பொழுது சாயும்போது என் மூத்த மருமகள், நான் வளர்த்த பேத்தியின் அம்மா, வந்து மாற்றிவிடுவாள். பகல் என் பொறுப்பு, மிச்சம் அவள் பொறுப்பு. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தால் எடுத்ததுதான். நான் அப்படியா? அவர் இருமினால் அமுக்குவேன். அவர் புரண்டு படுத்தால் குழாய் மடங்கிவிட்டதோ என்று அமுக்குவேன். கண் அசந்து விழித்தால் அமுக்குவேன்.

அறைக்கு வந்த இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குப் பிரஷர் இறங்கியது. கை சில்லென்று இருந்தது. டாக்டர் வந்து அளவைக் குறைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் போனால் அவர் சாய்ந்து உட்கார்ந்து மருமகளிடம் காபி கேட்டுக்கொண்டிருக்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது. நான் வந்து உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மறுபடி இறங்கியது. டம்ளரைத் தூக்க முடியவில்லை.

"இந்தா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதற்கும் பயப்படாத மனுஷர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் பிள்ளை விளையாட்டாக ஒன்று சொன்னாள். "நீங்க போனதும் தாத்தா தெளிஞ்சுர்றாரு, வந்ததும் படுத்துக்கிறாரு. அப்படி என்ன பாட்டி மிரட்டுறீங்க?" திரைக்கு அந்தப் பக்கத்துக்காரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. உண்மையும் அதுதானே. போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் காவலில் மனுஷர் எழுந்து உட்காருகிறார். கண்கொட்டாமல் பார்க்கிற என் காவலில் கீழே போகிறார். என் கை ராசி போய்விட்டதா என்று பயந்தேன். பயந்து, இன்னும் கூடுதலாக அமுக்கினேன்.

இந்த இடத்தில் என் பேத்தியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, இவள் எங்கள் மாடி அறையில் இருந்து வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் என்னத்தைத்தான் படிக்கிறாய் என்று முன்னமே ஒருநாள் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கிற வேலைத்திட்டத்தை, புரோகிராம் என்பார்களாம், ஓடவிடாமலே படித்து, அதில் எந்தத் துண்டு கம்ப்யூட்டர் நினைவில் எந்த இடத்தைத் தொடும், எதை மாற்றும், எதை வெறுமனே பார்க்கும் என்று கண்டுபிடிப்பது என்றாள். கையால் படித்து மாளாது என்பதால் அப்படிப் படிப்பதற்கே ஒரு வேலைத்திட்டம் வைத்திருக்கிறார்களாம். அதை இவள் கவனிக்கிறாள். ஓடவிட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். ஓடவிட்டால் அன்றைக்கு நடந்தது மட்டும்தான் தெரியும், என்றைக்காவது நடக்கக்கூடியது தெரியாது என்றாள்.

எனக்கு விளங்குவதற்காக வீட்டை வைத்துச் சொன்னாள். "நம்ம வீட்ல யாரும் இப்ப நடமாடல. இருந்தாலும் யாரு எதத் தொடுவாங்கன்னு எழுதச் சொன்னா எழுதிர்லாம்ல? அப்பாவுக்கு நேரா டிவி ரிமோட்டு. அம்மாவுக்கு நேரா அடுப்படி, பீரோ. தாத்தா எதையும் தொட மாட்டாரு, சும்மா பாப்பாரு, அதனால ஒண்ணுமில்லன்னு எழுதணும். உனக்கு நேரா எல்லாம்னு எழுதிறணும் அப்பத்தா. உன் கை படாத எடம் எது?"

வீடே சிரித்தது. தெரியாத ஆள் வந்தால் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். எல்லாம் என்றுதான் எழுத வேண்டும், அதுதான் பத்திரம் என்றாள். ஆனால் எல்லாருக்கும் எல்லாம் என்று எழுதினால் ஆயிரம் எச்சரிக்கை வரும், ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். அதனால் உள்ளே திறந்து பார்க்க முடியாத துண்டுகளுக்கு, அதன் பெயரைப் பார்த்து, கூட வந்த குறிப்பைப் பார்த்து, இவர்களே கையால் ஒரு வரி எழுதிவிடுவார்களாம். இது இன்னதைத் தொடும், இது ஒன்றையும் தொடாது என்று. அந்த வரியை அதற்கப்புறம் அந்த வேலைத்திட்டம் கேள்வி கேட்காமல் நம்பிக்கொள்ளும்.

அறைக்கு மாற்றிய நான்காம் நாள் பேத்தி மத்தியானச் சோறு கொண்டு வந்தாள். பெட்டியில் எண் தெரிகிற இடத்தைப் பார்த்ததும், இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றாள். போன வருஷம் இவர்கள் படித்துச் சரிபார்த்துக் கொடுத்ததில் இந்தப் பெட்டிக்குள் ஓடுகிற வேலைத்திட்டமும் ஒன்றாம். எனக்குக் கர்வமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வழக்கம்போல் பொத்தானை அமுக்கினேன். அவள் பேச்சு பாதியில் நின்றது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குவாய் என்று கேட்டாள். அதற்கு என்ன கணக்கு, நினைத்தபோதெல்லாம் என்றேன். எப்போதிலிருந்து பிரஷர் இறங்குகிறது, எந்த நேரத்தில், அம்மா இருக்கும்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இனிமே அதத் தொடாத அப்பத்தா."

நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள். அந்தப் பொத்தானை அமுக்கினால் ஓடுகிற துண்டின் உள்பக்கத்தை அப்போது இவர்களுக்குக் காட்டவில்லை. பெயர் மட்டும்தான் தெரியும். போன அளவைக் காட்டு என்பது மாதிரி ஒரு பெயர். காட்டுவது என்றால் பார்ப்பதுதானே என்று, ஒன்றையும் தொடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். ஆபீஸ் பதிவில் இப்போது பார்த்தாளாம். அவள் கையால் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. அது தொட்டால்? பார்க்கும்போதெல்லாம் உள்ளே கணக்கைத் திருப்பி எழுதினால்?

"தொடுதா, தொடலையா, அதச் சொல்லு" என்றேன்.

"தெரியல அப்பத்தா. தெரியாமத்தான் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கேன். எல்லாம்னு எழுதியிருக்கணும்."

அந்தப் பெஞ்சில் நாங்கள் இருந்த இருப்பை மறைக்காமல் எழுதுகிறேன். வேறு எங்கேயோ ஊர்களில் சோதித்தபோது நர்ஸ் வேளைக்கு ஒரு தடவை அமுக்கியிருப்பாள். நம் ஊரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அம்மாவோ அப்பத்தாளோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். இவளே என் மடியில் உட்கார்ந்து சொட்டு எண்ணிய பிள்ளைதான். அதைச் சொல்லித்தான் அழுதாள். நான் அழவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் சொல்வது சரி என்றால், நான்கு நாளாக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது என் விரல்.

இரண்டு பேருமே அது பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பினோம். டாக்டரிடம் போகவில்லை. நான் அமுக்காமல் இருந்தால் போதாதா, சாயங்காலம் வரை பார்ப்போம் என்றேன். நான்தான் சொன்னேன், அவள் இல்லை.

கையை மடிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டும் என்று நினைக்கவும் பயம், இறங்கக்கூடாது என்று நினைக்கவும் பயம். நான்கு மணிக்கு நர்ஸ் பிள்ளை வந்து பிரஷர் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, இன்றைக்கு ஏறியிருக்கிறது பாட்டி என்றாள். அவர் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றார். மனைவிக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. எனக்கோ, பேத்தி சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் டிக் என்றது.

நான்கு நாளாக அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். என் சத்தத்தில் அது என் காதில் விழவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொரு டிக். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து திரையை விலக்கினேன். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது.

"தாயி, அத அமுக்காத" என்றேன்.

"ஏன், நேத்துப் பூரா நீங்க அமுக்கலையா? உங்க வீட்டு ஆளுக்குச் சரியாப்போச்சுன்னா நாங்க பாக்கக் கூடாதோ?"

"நான் அமுக்குனதாலதான் எங்க ஆளுக்கு எறங்குச்சு. நாலு நாளா எனக்கே தெரியல."

அவள் கை பொத்தான் மேலேயே நின்றது. பிறகு சுட்டதைப் போல் எடுத்துக்கொண்டாள்.

பேத்தி அதற்குள் டாக்டர் அறைக்குப் போய்விட்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல களைப்பில் இருந்தார். பெட்டி சரிபார்த்து வந்தது என்றார். சரிபார்த்தது நான்தான் சார் என்றாள் இவள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் வேலையாக இரண்டு கட்டில்களின் மருந்தையும் பழைய மாதிரிப் பாட்டிலுக்கு மாற்றச் சொன்னார். பிறகு மெஷின் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மேசை மேல் அதே சாதிப் பெட்டி இரண்டு வைத்தார்கள். இரண்டிலும் உப்புத்தண்ணீர், இரண்டுக்கும் ஒரே அளவு, வெளியே வருவது விழ ஆளுக்கொரு கோடு போட்ட கண்ணாடிக் குப்பி. ஒரு பெட்டியை யாரும் தொடக்கூடாது. இன்னொன்றை எப்படி அமுக்குவது என்று மெஷின்காரர் கேட்டார்.

"நீங்க எப்பவும் அமுக்குற மாதிரியே அமுக்குங்க பாட்டி. யோசிக்காம."

யோசிக்காமல் எப்படி அமுக்குவது? ஒவ்வொரு டிக்குக்கும் அவர் டம்ளரைத் தூக்க முடியாமல் கிடந்தது கண்ணில் வந்தது. ஆனாலும் குறைத்து அமுக்கினால் பொய்யாகிவிடும். இருமினால் ஒன்று, புரண்டால் ஒன்று என்று மனசுக்குள் அவரைப் படுக்க வைத்து அமுக்கினேன். பேத்தி சுவரில் சாய்ந்து நின்று எண்ணிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் என் ஆயுசில் நான் அவ்வளவு நேரம் சாமியைக் கும்பிட்டது கிடையாது. இரண்டு குப்பியும் சமமாக இருக்கட்டும் என்றுதான் கும்பிட்டேன்.

சமமாக இல்லை. என் குப்பியில் கோடு மேலே இருந்தது. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது.

பெட்டி செய்தவர்கள் பிறகு உள்ளே திறந்து பார்த்து ஒத்துக்கொண்டார்கள். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அது அதுவரை போனதைக் கணக்குப் போட்டு நினைவில் திருப்பி எழுதுகிறது. எழுதும்போது முழுசாக இருப்பதை மட்டும் எழுதி, கால் அரை என்று மிஞ்சுகிற துணுக்கை விட்டுவிடுகிறது. ஒரு தடவை இரண்டு தடவை என்றால் தெரியாது. என்னை மாதிரி அமுக்கினால், உண்மையில் போனதைவிட அதன் நினைவில் இருக்கிற அளவு பின்தங்கிக்கொண்டே வரும். குறைவாகப் போயிருக்கிறது என்று நினைத்து அது கூட்டித் தள்ளும். திரையில் வருகிற எண் மட்டும் ஒழுங்காகக் கூடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அவர் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அலங்காநல்லூர்க்காரரும் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி, நடமாடுகிறாராம். இவர் இப்போதும் மெதுவாகத்தான் நடக்கிறார். நான் பக்கத்தில் போனால் எழுந்து உட்கார்ந்து சிரித்துக் காட்டுகிறார், நான் பயப்படக்கூடாது என்பதற்காக. எதற்கு இறங்கியது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "நீ பாக்காம வேற யாரு பாக்குறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேத்தி தன் கம்பெனிக்கு அவளாகவே எழுதினாள். இந்த வரியை எழுதியது நான், உள்ளே பார்க்காமல் எழுதினேன், இதே மாதிரி நான் எழுதிய வரிகள் இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள் என்று. இப்போதைக்கு அவளை அந்த வேலையில் இருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். விசாரிக்கிறார்களாம். மாடியில் இருந்து தட்டச்சுச் சத்தம் கேட்பதில்லை. எந்த நேரமும் போனைக் கையில் வைத்திருக்கிறாள். போனுக்காக மருமகளைத் திட்டிய மாதிரி இவளைத் திட்ட வாய் வருவதில்லை.

பயம் அதோடு முடியவில்லை. அந்தச் சாதிப் பெட்டி இன்னும் எந்தெந்த ஊரில், எத்தனை கட்டில் ஓரத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்கள். சொன்னது அந்தக் கட்டில் ஓரத்தில் நிற்கிற பொம்பளை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா? மத்தியானம் சாப்பிட உட்காரும்போது எங்கேயோ டிக் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. சோறு இறங்குவதில்லை.

பெட்டிக்காரர்கள் பேத்தியிடம் ஒன்று கேட்டிருந்தார்கள். அந்தப் பொத்தானை அமுக்கியவர் எத்தனை தடவை அமுக்கினார், ஏன் அமுக்கினார் என்று ஒரு வரி வேண்டுமாம். நீ சொல்லு அப்பத்தா, நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். ஒரு வரியில் முடிகிற விஷயமா இது? நான் கையாலேயே எழுதுகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டேன். ஒன்பது காலைப்பொழுது ஆகியிருக்கிறது.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனியில் இருந்து இன்றைக்கும் பதில் வரவில்லை போல. கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுக்கிறேன்.

"இந்தா, மொதல்ல இருந்து சத்தமா வாசி. எம்புட்டு அமுக்குனேன்னு கொறச்சு எழுதியிருந்தாச் சொல்லு. உன் வரியப் பத்தி எழுதுன எடமும் இருக்கு, அத முழுங்காம வாசி ஆத்தா."